குளோஸ் கிரிப் பெஞ்ச் பிரஸ்: கையை ரொம்ப நெருக்காதீர்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் எந்த ஜிம்முக்குள் சாயங்காலம் நுழைந்தாலும் கண்ணாடி முன்னால் ஒரு கூட்டம் பைசெப்ஸ் அடித்துக்கொண்டிருக்கும். மேல்கைச் சதையில் பெரும்பங்கு பின்பக்கத்து ட்ரைசெப்ஸ்தான் என்பது பலருக்கு லேட்டாகத்தான் தெரிகிறது. முழங்கையை நீட்டுவது அதன் வேலை. குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த வடசென்னைப் பையன்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: நேர்க் குத்து விடும்போது கை நீள்கிறதே, அங்கே உழைப்பது இந்தச் சதை.

ராடு, அதாவது இரண்டு முனையிலும் எடை பிளேட் மாட்டும் இரும்புத் தண்டு, வைத்து இதற்குச் செய்யும் நல்ல பயிற்சி குளோஸ் கிரிப் பெஞ்ச் பிரஸ். பெஞ்சில் மல்லாந்து படுத்து, வழக்கமான பெஞ்ச் பிரஸ்ஸைவிடக் கைகளை நெருக்கிப் பிடித்து, ராடை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது. வம்பு பெயரிலேயே இருக்கிறது. 'குளோஸ்' என்றதும் இரண்டு கட்டைவிரலும் முட்டுகிற மாதிரி பிடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் வண்டியில் ஆக்ஸிலேட்டர் முறுக்கினாலே மணிக்கட்டு சுள்ளென்றது. மாஸ்டர் ஒருநாள் பார்த்துவிட்டு, "தம்பி, ராடைத் தூக்குறியா, கும்பிடுறியா?" என்றார்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதலில் படுக்கும் விதம். கண்ணுக்கு நேர் மேலே ராடு இருக்கவேண்டும். தலை, மேல்முதுகு, பிட்டம் மூன்றும் பெஞ்சில் பதியட்டும்; பாதம் இரண்டும் தரையில். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிடி. கைகள் தோள் அகலத்துக்கு இருந்தால் போதும். ராடு உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டு எலும்புக்கு நேர் மேலே உட்காரவேண்டும். விரல் பக்கம் ஏறினால் மணிக்கட்டு பின்னால் மடங்கிவிடும். வலி அங்கேதான் பிறக்கிறது. கட்டைவிரலைக் கட்டாயம் சுற்றிப் பிடியுங்கள். மே மாத வெயிலில், ஃபேன் ஓடியும் ஓடாத ஜிம்மில், வியர்த்த கையிலிருந்து ராடு நழுவினால் விழுகிற இடம் நெஞ்சு. துண்டால் கையைத் துடைத்துவிட்டுப் படுங்கள்.

ராடை எடுத்து, கையை நீட்டி, தோளுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். தொடவேண்டிய இடம் நெஞ்சின் கீழ்ப்பகுதி, கழுத்துப் பக்கம் அல்ல. இறங்கும்போது முழங்கை பக்கவாட்டில் இறக்கை மாதிரி விரியக்கூடாது. விலாவில் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகியிருந்தால் சரி. கீழே இருக்கும்போது பக்கத்திலிருந்து யாராவது பார்த்தால் முன்னங்கை தரைக்குச் செங்குத்தாகத் தெரியவேண்டும். இதை மட்டும் நண்பனிடம் சொல்லி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நமக்கே தெரியாது.

அப்புறம், நெஞ்சில் தட்டித் துள்ளவிடாமல், மூச்சை விட்டபடி தள்ளுங்கள். கை முழுசாக நீளட்டும். அந்தக் கடைசி நாலு அங்குலத்தில்தான் ட்ரைசெப்ஸுக்கு நல்ல வேலை. பாதியில் நிறுத்தினால் அது வீண்.

எடை? வழக்கமான பெஞ்ச் பிரஸ்ஸில் போடுவதைவிடக் குறைவாகத்தான் போகும், கூச்சப்படாதீர்கள். ஒலிம்பிக் ராடு வெறுமனே 20 கிலோ. சின்ன ஜிம் ராடுகளின் எடை இடத்துக்கு இடம் மாறும், மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் ராடில் 3 செட், செட்டுக்கு 8 முதல் 10 ரெப் (ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒரு ரெப்). நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. கடைசி ரெப்பும் ஆடாமல் வந்தால் பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றுங்கள். முழங்கையில் கூர்மையாக வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

எடை ஏற ஏறத் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்பது நல்லது. "அண்ணா, ஒரு கை பாத்துக்கோங்க" என்றால் இங்கே யாரும் மறுப்பதில்லை. ஆளே இல்லாத மதிய நேரமா, பிளேட் நழுவாமல் பிடித்துவைக்கும் கிளிப்பை மாட்டாமல் செய்யுங்கள். நெஞ்சில் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்தால் பிளேட் கழன்று விழும், அடுத்த நொடி மறுபக்கமும் சரியும். சத்தம் கேட்டு மாஸ்டர் ஓடிவந்து திட்டுவார், பரவாயில்லை.