லைசன்ஸ் துப்பாக்கியும் ஓட்டுப் போடும் நாளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பேசுபவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்துத் தோட்டக்காரர்கள். பன்றி விரட்ட லைசன்ஸ் வாங்கி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பூத்துக்குள் போகக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். அதை நான் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கி லைசன்ஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீலாக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு சில தவறுகளை.

நூறு மீட்டர் கணக்கு

"துப்பாக்கியை ஜீப்புலயே வச்சு, பூத்துக்கு நூறு மீட்டருக்கு வெளியே நிறுத்திட்டா போதும்தானே சார்?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

100 மீட்டர் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 130-ஆவது பிரிவில் வருகிறது. ஓட்டுக் கேட்பதற்கான தடை அது. வாக்குச்சாவடிக்கு வெளியே தரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்களே, அது கட்சிக்காரர்களுக்கு. ஆயுதத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது: 134-பி. 1996-இல் சேர்த்தார்கள். அதில் மீட்டர் கணக்கே கிடையாது. வாக்குப்பதிவு நாளில் சாவடியின் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆயுதத்தோடும் போகக் கூடாது என்பதோடு சரி. சுற்றுவட்டாரம் எதுவரை என்பதை அங்கே நிற்கும் எஸ்.ஐ. முதலில் முடிவு செய்வார், அப்புறம் கோர்ட் முடிவு செய்யும்.

தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ராத்திரிக் காவல் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே ஓட்டுப் போட வந்தார். ஒற்றைக்குழல் துப்பாக்கி பின்சீட்டில் சாக்குக்கு அடியில். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் டீக்கடை ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டு வரிசையில் நின்றார். ஓட்டுப் போட்டுத் திரும்பும்போது பறக்கும் படை ஜீப்பைத் திறந்து வைத்திருந்தது. "கோடு அங்க இருக்கு, ஜீப் இங்க இருக்கு" என்று இவர் விரலை நீட்டி நீட்டிக் காட்ட, கூட்டம் கூடிவிட்டது. அதோடு போயிற்று, பேசித் தீர்க்கக் கிடைத்த வாய்ப்பு.

வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் இது. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். என்னைக் கேட்டால் அதைவிடக் கொடியது அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு: தண்டனை விதிக்கப்பட்டால் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம், லைசன்ஸ் ரத்தானதாகவே கருதப்படும். ஆட்சியரிடம் போய்க் கெஞ்சுவதற்குக்கூட ஒன்றும் மிச்சமிருக்காது. வண்டியில் வைத்துவிட்டு இறங்கிப் போனது 'ஆயுதத்தோடு போனது' ஆகுமா என்று வாதாடலாம்தான். நானும் வாதாடியிருக்கிறேன். வழக்கு முடிகிறவரை துப்பாக்கி கோர்ட்டில் துருப்பிடிக்கும், தோப்பில் பன்றி மேயும்.

இத்தனைக்கும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வர அவருக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"எனக்கு ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலையே"

வராமல் இருக்கலாம். தேர்தல் நேரத்தில் லைசன்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ஆனால் எல்லோரையும் அல்ல. யாருடைய துப்பாக்கியை வாங்கி வைக்க வேண்டும் என்று பார்ப்பது ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய பரிசீலனைக் குழு. ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், பழைய தேர்தல் கலவரங்களில் பெயர் அடிபட்டவர்கள் மேல்தான் முதலில் கண் விழும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான், பூத் பக்கம் கொண்டுபோக அல்ல. குடகில் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸே தேவையில்லை. அவர்களும் 134-பிக்கு உட்பட்டவர்கள்தான், ஏனென்றால் அது இருப்பது வேறு சட்டத்தில்.

"நான் போலீஸ்காரன்தானே"

அந்தச் சாவடியில் டூட்டி இருந்தால் மட்டும் ஆயுதத்தோடு வரலாம்.

ரசீது

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது கேட்டு வாங்குங்கள். தோட்டா எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும்.

லைசன்ஸ் தேதி

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்போது லைசன்ஸ் காலாவதியாவதைப் பலர் கவனிப்பதில்லை. "துப்பாக்கியே கையில இல்ல, எதுக்குப் புதுப்பிக்கணும்?" என்று கேட்கிறார்கள். திருப்பி வாங்கப் போகும்போது முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்தது. எண்ணியது ஜூன் 4-இல். முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு. அத்தனை நாள் உள்ளே கிடக்கும் என்று கணக்கில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அரிவாள்

இதையும் கேட்கிறார்கள். விவசாயத்துக்கு மட்டுமே செய்யப்பட்ட கருவி ஆயுதம் ஆகாது என்று ஆயுதச் சட்டமே சொல்கிறது. இருந்தாலும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் ஆயுதச் சட்டம் படித்திருக்க மாட்டார்.