அண்டியாபீஸ் (முந்திரிக்கொட்டை ஆலை) பூட்டினா, வயித்துப் பிள்ளைக்கு எடை குறையாம பார்க்க

என் மூத்தவ பிறந்தப்போ 2 கிலோ 100 கிராம். அவ அஞ்சு மாசமா வயித்துல இருக்கும்போது நான் தோலுரிச்ச அண்டியாபீஸைப் பூட்டிட்டாங்க. அவ அப்பாவுக்குக் குளச்சல்ல விசைப்படகுல மீன்பிடி வேலை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) பால் விடாத கட்டன்சாயாவுமா அந்த ரெண்டு மாசம் கழிஞ்சுது. எங்களுக்கு உள்ள பணத்தைக் கேட்டு வாங்கத் தெரியல. சின்னவனுக்கு அப்படி விடல, 2 கிலோ 900.

நாள் தள்ளினதும் நர்ஸம்மாகிட்ட போங்க. 12 வாரத்துக்குள்ள கர்ப்பத்தைப் பதிஞ்சு, பிக்மிங்கிற பதிவு நம்பர் வாங்கணும். கர்ப்பிணிகளுக்கு உள்ள முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய் மதிப்புல ரெண்டு சத்துப் பெட்டகமும் அதை வச்சுதான் வரும்.

அண்டி வேலைக்காரிகளுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். அண்டிப்பால் (முந்திரிக்கொட்டைத் தோட்டுல உள்ள எண்ணெய்) பட்டு விரல் ரேகை தேஞ்சிருக்கும். பேங்குல மெஷின்ல விரலை வச்சு வச்சு மூணு தடவை திரும்பி வந்திருக்கேன். அதனால கையில காசு இருக்கும்போதே கணக்கோட ஆதாரையும் போன் நம்பரையும் சேர்த்து, ஏடிஎம் கார்டும் வாங்கிடுங்க.

கூலியில இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிச்சிருந்தா, ஆபீஸ் பூட்டினதோட எல்லாம் போச்சுன்னு இருந்துடாதீங்க. வேலை போய் 30 நாள் ஆனதும், இஎஸ்ஐயோட அடல் பீமித் திட்டம் நடப்புல இருந்தா, அதுல கேட்கலாம். தகுதி இருந்தா சராசரிக் கூலியில பாதி, 90 நாள் வரை கிடைக்கும். பேறுகாலப் பணம் வேற, 26 வாரம். அதுக்கு 70 நாள் சந்தா வேணும். இஎஸ்ஐ கிளை அலுவலகத்துல ரெண்டைப் பத்தியும் சேர்த்தே விசாரிங்க, ஒண்ணைக் கேட்டா ஒண்ணைத்தான் சொல்லுவாங்க.

மீனவர் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது வர்ற அன்னைக்கே வட்டிக்காரர் வாசல்ல நிப்பாரு. அவருக்கு முன்னால முட்டையும் சிறுபயறும் வாங்கிடுங்க. வள்ளத்துல (நாட்டுப்படகுல) வர்ற சாளை மீன் விலை குறைவு, பிள்ளைக்கு நல்லது. இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோட சாயா குடிக்காதீங்க, சத்து உடம்புல ஒட்டாது. ஒரு மணிக்கூர் போகட்டும்.

பிறந்ததும் எடையைக் கேட்டு எழுதி வாங்குங்க. 2 கிலோ 500க்குக் கீழன்னா, நர்ஸம்மா சொல்லுற மாதிரி பிள்ளையைச் சட்டையில்லாம உங்க நெஞ்சோட ஒட்டிப் போட்டு, மேல துணி போர்த்துங்க. நீங்க அசந்தா அப்பா நெஞ்சுல போடலாம்.