பழைய படத்துக்கு விமர்சகர்கள் தந்த மதிப்பை ஆண்டுவாரியாகத் தேடுவது எப்படி?

‘வெளியானபோது யாரும் சீந்தவில்லை, இன்று உலகக் காவியம்’ என்ற வரியைப் பல பழைய படங்களின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். 1941-ல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த படமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது. அடி விழுந்தது வசூலில். அதனால் தேடலைத் தொடங்கும்போதே நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: ஒன்று வசூலுக்கு, இன்னொன்று விமர்சனத்துக்கு. ஒன்றில் வர வேண்டியதை மற்றதில் எழுதினால் கடைசிவரை குழப்பம்தான்.

அடுத்து, விமர்சகர் பார்த்தது எந்தப் பிரதி என்று பாருங்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் ‘ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ 1939 ஜூலையில் பாரிஸில் வெளியானது. பார்க்க வந்தவர்கள் எதிர்த்துக் கூச்சலிட்டார்கள், படத்தை வெட்டிச் சுருக்கினார்கள், சில மாதங்களில் அரசு தடையும் போட்டது. போரில் குண்டு விழுந்து மூல நெகட்டிவும் அழிந்தது. கிடைத்த சுருள்களைச் சேர்த்து 106 நிமிடப் பிரதியை உருவாக்கியது 1959-ல்தான். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1952-ல் இந்தப் படம் பத்தாம் இடத்தை வேறு இரு படங்களோடு பகிர்ந்துகொண்டது. 1962-ல் மூன்றாம் இடம். இடையில் முழுப்படம் கண்ணில் பட்டிருக்கிறது என்பதைக் குறிக்காமல் ‘ரசனை மாறியது’ என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். ஆகவே ஒவ்வொரு விமர்சனத்துக்கும் பக்கத்தில் படத்தின் நீளத்தை நிமிடத்தில் எழுதுங்கள்.

வெளியான முதல் மூன்று மாதங்களின் விமர்சனங்கள் குறைந்தது பத்து வேண்டும். நாளிதழ் நான்கு, வார இதழ் மூன்று, வியாபாரப் பத்திரிகை இரண்டு, மாத அல்லது காலாண்டிதழ் ஒன்று என்று எடுத்தால் ஓரளவு சமமாக இருக்கும். ‘வெரைட்டி’ போன்ற வியாபாரப் பத்திரிகைகளைத் தனிக் கண்ணோடு படிக்க வேண்டும். தியேட்டர்காரருக்குப் படம் ஓடுமா என்று சொல்வதே அவற்றின் முதல் வேலை. ‘நீளம் அதிகம்’ என்று அங்கே எழுதினால், ஒரு நாளில் ஓட்டக்கூடிய காட்சிகளின் எண்ணிக்கையையும் கூட்டத்தையும் நினைத்து எழுதியதாகவும் இருக்கலாம். பழைய அமெரிக்க வியாபாரப் பத்திரிகைகள் ‘மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி’யில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேதியிலும் கவனம் வேண்டும். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958 மே 9-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் திரையிடப்பட்டது. நியூயார்க்குக்கு அந்த மாதக் கடைசியில்தான் வந்தது. ஊருக்கு ஊர் வெளியீட்டுத் தேதி மாறும் என்பதால் ஒரே வாரத்தில் மட்டும் தேடினால் பல விமர்சனங்கள் தப்பிவிடும்.

ஒரு விமர்சகரின் முதல் கட்டுரையோடு நின்றுவிடாதீர்கள். 1967-ல் ‘பானி அண்ட் கிளைட்’ படத்தை ‘நியூஸ்வீக்’கில் தாக்கி எழுதிய ஜோசப் மார்கன்ஸ்டர்ன், அடுத்த வாரமே தன் கருத்தைத் திரும்பப் பெற்று மறுபடி எழுதினார். முதல் கட்டுரையை மட்டும் பார்த்தவர் அவரை எதிரணியில் சேர்த்துவிடுவார். அடுத்த இரண்டு மாதங்களில் வந்த இதழ்களிலும் அதே விமர்சகரின் பெயரைத் தேடிவிடுங்கள்.

பல விமர்சனங்களைத் திரட்டி, பாராட்டியவை இத்தனை சதவீதம் என்று காட்டும் தளங்களின் கணக்கைப் பழைய படத்துக்கு நம்ப வேண்டாம். பல பத்தாண்டுகள் கழித்து, படம் ‘கிளாசிக்’ என்று பெயரெடுத்த பிறகு எழுதியவையும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும். 2021-ல் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் ‘சிட்டிசன் கேன்’ நூறிலிருந்து 99-க்கு இறங்கியது. காரணம், 1941-ல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ வெளியிட்ட ஒரே ஒரு பழைய விமர்சனத்தைக் கணக்கில் சேர்த்ததுதான்.

வாக்கெடுப்பில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் இடத்தை மட்டும் பார்க்கிறார்கள். ‘சைட் அண்ட் சவுண்ட்’ வாக்கெடுப்பில் ‘வெர்டிகோ’வின் இடங்கள்: 1982-ல் 7, 1992-ல் 4, 2002-ல் 2, 2012-ல் 1. ஏறுமுகம் போலத் தெரிகிறது. இப்போது வாக்குகளை எடுத்து, வாக்களித்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2002-ல் 145 விமர்சகர்களில் 41 பேர், அதாவது 28 சதவீதம். 2012-ல் 846 பேரில் 191 பேர், அதாவது 23 சதவீதத்துக்கும் குறைவு. முதலிடம் பிடித்த ஆண்டில் அதன் பங்கு குறைந்திருக்கிறது! ‘சிட்டிசன் கேன்’ 46 வாக்கிலிருந்து 157-க்குப் போனது, ஆனால் பங்கு 32 சதவீதத்திலிருந்து 19-க்குச் சரிந்தது. ‘வெர்டிகோ’ முந்தியதற்குக் காரணம் மற்றது அதைவிட வேகமாக இறங்கியதே. 2022-ல் வாக்களித்தவர்கள் 1,600-ஐத் தாண்டினார்கள், பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மனின் ‘ழான் தீல்மான்’ முதலிடத்துக்கு வந்தது. அங்கேயும் முதல் கேள்வி, புதிதாக யாரையெல்லாம் அழைத்தார்கள் என்பதாகவே இருக்க வேண்டும். எண்ணும் விதியும் மாறும். 2002-ல் ‘காட்ஃபாதர்’ முதல் இரண்டு பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியதால் நான்காம் இடம் கிடைத்தது. 2012-ல் தனித்தனியாக எண்ணியதும் முதல் பத்தில் இரண்டுமே இல்லை.

தமிழ்ப் படத்துக்கும் இதே வழிதான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைத் தேடலாம். வெளியீட்டு நாளிலிருந்து மூன்று மாதங்களில் வந்த இதழ்களைப் பட்டியலிட்டுக்கொண்டு போனால் வேலை மிச்சம். ‘ஆனந்த விகடன்’ மதிப்பெண் போட்டிருந்தால் அதை அந்த இதழின் வழக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். நூற்றுக்கு 45 என்பது அங்கே நல்ல மதிப்பெண். அதே ஆண்டில் வேறு படங்களுக்கு என்ன போட்டார்கள் என்று பத்துப் படமாவது குறித்த பிறகே ‘பாராட்டினார்கள்’ அல்லது ‘கைவிட்டார்கள்’ என்று எழுதலாம்.