இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு கால் வீக்கம்: என் அனுபவம்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சாயங்காலமானால் கணுக்கால் பொதபொதவென்று வீங்கிவிடும். வீக்கம் 3 முதல் 6 மாதம் வரைகூட இருக்கலாம் என்றார் டாக்டர்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் நிலைப்படி தாண்டித் தாண்டியே வலி கூடியது. கட்டிலை முகப்புக்கே மாற்றினோம். காலைத் தொங்கப்போட்டு நெடுநேரம் உட்காருவதை விட்டேன். மல்லாந்து படுத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை அடுக்கி, பாதத்தை மேலும் கீழும் அசைப்பேன். ஐஸைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம். தரையில் பதித்த வழவழப்பான ஆத்தங்குடிக் கல் ஈரமானால் எமன். துடைத்த பிறகுதான் வாக்கர்.

பக்கத்து வீட்டு ஆச்சி எண்ணெய் போட்டு நீவச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இப்போதெல்லாம் காலையில் வீக்கம் வடிந்துவிடுகிறது.