ஊட்டிக் குளிர்: செயலி காட்டும் எண்ணைத் திருத்திப் படிக்கும் முறை

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊட்டி போகிறீர்களா? வானிலைச் செயலி காட்டும் குறைந்தபட்ச வெப்பநிலையை அப்படியே நம்பாதீர்கள்.

மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை வேகமாகக் குளிரும். அதைத் தொட்ட காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேல் சற்றே சூடான காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். பல செயலிகள் எண்களை எடுக்கும் உலகளாவிய முன்னறிவிப்பு மாதிரிகள் (கணினிக் கணக்கீடுகள்) நிலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும்; ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம்; மேடும் பள்ளமும் அதில் சராசரியாகிவிடும்.

முதலில் செயலி கணக்கில் எடுத்த உயரத்தைப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். செயலியில் 300 மீட்டர் குறைவாக இருந்தால் ஏறத்தாழ 2 டிகிரி கழியுங்கள். அடுத்து, வானம் தெளிவாகவும் காற்று மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தா போன்ற தாழ்விடங்களுக்கு இன்னும் சில டிகிரி கழிக்கலாம். மேகம் மூடினால் இந்த இரண்டாவது கழிப்பு வேண்டவே வேண்டாம். பலர் தவறுவது இங்கேதான்.

வானிலை நிலைய வெப்பமானி தரையிலிருந்து சுமார் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அது 3 டிகிரி காட்டும்போதே புல்லில் உறைபனி படியலாம்.

குழந்தைகளோடு போனால் பள்ளத்தைத் தவிர்த்து, நடுச்சரிவில் அறை எடுங்கள்.