ஆர்.சி (ரோமன் கத்தோலிக்கர்), மெதடிஸ்ட், பெந்தகோஸ்து ஆக்கள் ஒண்டா ஜெபிக்கோணும் எண்டா எங்க தொடங்குறது?

ஒற்றுமைக் கூட்டம் எண்டு கூப்பிட்டு முதல் நாளே மாதாவைப் பற்றியும் ஞானஸ்நானத்தைப் பற்றியும் வாதாடத் தொடங்கினா அடுத்த கிழமை ஒருத்தரும் வரமாட்டினம், நான் கண்டிருக்கிறன். அதால ஜெபத்தில தொடங்குங்கோ, அதுவும் எல்லாருக்கும் பாடமா இருக்கிற, இயேசு சொல்லித்தந்த "எங்கள் பிதாவே" ஜெபத்தில.

அதுக்குள்ளயும் ஒரு சிக்கல் இருக்கு. வெள்ளவத்தையில எங்கட ஃபிளட்ஸில கீழ் வீட்டு அன்ரி செத்த அண்டைக்குப் பெட்டியைச் சுத்தி நிண்டு எல்லாரும் அதைத்தான் சொன்னம். ஆர்.சி ஆக்கள் "உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக" எண்டு சொல்ல நாங்கள் "பரிசுத்தப்படுவதாக" எண்டு சொல்லி அதிலயே குரல் குழம்பிப்போச்சு, கடைசியில அவையள் ஆமென் சொல்லி முடிக்க நாங்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" எண்டு இழுத்துக்கொண்டு போனம். அன்ரி மெதடிஸ்ட், மகள் ஆர்.சியில கட்டினவ. ஆரோட சேர்ந்து சொல்லுறது எண்டு தெரியாமல் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு தாயின்ட பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டா. எனக்கு நெஞ்சு வெடிச்சமாதிரி இருந்துது.

இதுக்குச் செய்யவேண்டியது சின்ன வேலைதான். எந்த வசனம் எண்டு முதலே பேசி முடிவெடுத்து அரைத் தாளில அடிச்சுக் குடுங்கோ, கடைசி வரி வருமா வராதா எண்டதையும் தொடங்க முதலே சொல்லிப்போடுங்கோ. பூசையில ஃபாதர் ஒரு சின்ன மன்றாட்டு சொன்ன பிறகு ஆர்.சி ஆக்களும் கிட்டத்தட்ட அதே கடைசி வரியைச் சொல்லுறவைதான், அதைச் சொன்னா ரெண்டு பக்கமும் ஆச்சரியப்படும்.

அடுத்தது சொல்லுகள். நாங்கள் வேதாகமம் எண்டுவம், அவையள் விவிலியம் எண்டுவினம், வயசான ஆர்.சி ஆக்கள் இராயப்பர், சின்னப்பர் எண்டா அது எங்கட பேதுருவும் பவுலும்தான். அவையின்ட வேதத்தில 73 புத்தகம், எங்கட 66, அதனால வாசிப்பைச் சுவிசேஷத்தில இருந்து எடுங்கோ, எல்லாரும் ஒண்டா இருக்கோணும் எண்டு இயேசு ஜெபிக்கிற யோவான் 17 நல்லம். ரெண்டு பக்க அறிஞரும் சேர்ந்து செய்து 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கு, அதில வாசிச்சா ஒருத்தருக்கும் மனம் நோகாது.

ஒண்டை மட்டும் கட்டாயம் சொல்லோணும், ஆள் பிடிக்காதேங்கோ. கூட்டத்துக்கு வந்த பிள்ளையின்ட நம்பரை வாங்கி அடுத்த ஞாயிறு எங்கட சபைக்கு வாங்கோ எண்டு மெசேஜ் போட்டா எல்லாம் அதோட முடிஞ்சுது, பிறகு எத்தனை வருஷம் போனாலும் நம்பிக்கை திரும்பி வராது.

நற்கருணை (பூசையில குடுக்கிற அப்பம்) விஷயத்தில வித்தியாசத்தை மறைக்காதேங்கோ. பொதுவா பூசையில கத்தோலிக்கருக்கு மட்டும்தான் குடுப்பினம், வேற சபைக்காரர் சத்தம் போடாமல் வரிசையில போய் வாங்கிறது சரியில்லை. நோகும்தான், எனக்கும் ஒவ்வொரு முறையும் நோகுது, ஆனா நோகுது எண்டு வெளிப்படையாச் சொல்லி ஜெபிக்கிறதுதான் நேர்மை. நூற்றாண்டுக்கணக்கா இழுபட்ட சண்டையளும் அசையுது, விசுவாசத்தால நீதிமானாகிறது, அதாவது மனுசர் கடவுளுக்கு முன்னால நீதியுள்ளவரா ஏற்கப்படுறது பற்றி 1999ல கத்தோலிக்கரும் லூத்தரனும் ஒரு கூட்டறிக்கையில கையெழுத்து வச்சவை, 2006ல உலக மெதடிஸ்ட் சபையளும் சேர்ந்தவை.

எப்ப கூடுறது? ஜனவரி 18ல இருந்து 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம், அது வசதியான நாள். மற்றது ஏப்ரல் 21. 2019ல அண்டைக்கு ஒரே காலமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலயும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலயும் மட்டக்களப்பு சீயோன் சபையிலயும் குண்டு வெடிச்சு சனம் செத்தது, ரெண்டு கத்தோலிக்கக் கோயில், ஒரு சுயாதீன சபை. அந்த நாளில கூடினா ஏன் கூடினம் எண்டு ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதல் தரம் பெரிய ஹோல் தேடாதேங்கோ, ஒரு வீட்டு முன் ஹோல் காணும், ஃபாதருக்கும் பாஸ்டருக்கும் முதலே கோல் எடுத்துச் சொல்லுங்கோ, மறைச்சுச் செய்தா சந்தேகம்தான் வரும். நாங்கள் போன மார்கழியில மொட்டைமாடியில கூடினம், 40 தாள் அடிச்சம். கீழ் வீட்டு அன்ரியின்ட மகள்தான் முதல் வரியைத் தொடங்கிவச்சா.