கிராஃபிக்ஸ் கார்டை மாற்றலாமா? காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை

தீபாவளி போனஸ் கைக்கு வரும் சமயத்தை ஒட்டித்தான் ஷோப்பி இணையக் கடையில் 11.11 (நவம்பர் 11) விற்பனையும் வரும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் "அண்ணே, கார்டு மாத்தலாமா?" என்று தம்பிகள் கேட்பதும் அப்போதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "இப்ப இருக்கிற கார்டு எத்தனை விழுக்காடு வேலை செய்யுதுன்னு பார்த்தியா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். யூடியூப்பில் பத்து விமர்சனம் பார்த்திருப்பார்கள், விலை மனப்பாடமாக இருக்கும்.

கார்டு என்பது திரையில் தெரியும் படத்தை வரையும் பாகம், ஜிபியு என்றும் சொல்வார்கள். இது மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கான விளக்கம். மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் சில்லு பெரும்பாலும் பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை.

படி 1: எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்பது காரணம் ஆகாது. விண்டோஸ் திறக்கவே நெடுநேரம் ஆகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது. அதற்கு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போதும், செலவும் குறைவு. குரோமில் நாலைந்து பக்கம் திறந்ததும் திணறினால் பெரும்பாலும் ரேம் (தற்காலிக நினைவகம்) பற்றவில்லை. விளையாட்டில் படம் விட்டுவிட்டு நகர்கிறது, எடிட்டிங்கில் எஃபெக்ட் போட்டால் நின்றுவிடுகிறது என்பவைதான் கார்டு சம்பந்தப்பட்ட புகார்கள்.

கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடுக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கேமராவில் 10 பிட் 4:2:2 வகை எச்.265 கோப்பாக (நிற விவரம் அதிகம் உள்ள, சுருக்கிய வீடியோ) எடுத்து, அது டைம்லைனில் இழுக்கிறது என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினாலும் அது தீராது. 30, 40 வரிசை என்விடியா கார்டுகளால் அந்த வகைக் கோப்பை வன்பொருள் வழியாக விரிக்க முடியாது. 50 வரிசையில்தான் அது வந்தது. 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் சில்லுகளில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதைச் செய்துவிடும். அதுவரை பிராக்ஸி கோப்பு (எடிட்டிங்குக்கான லேசான நகல்) உருவாக்கி வேலை செய்யுங்கள், காசு செலவில்லை.

படி 2: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

முக்கியமான படி இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் விளையாட்டின் அமைப்புக்குள் போய் விசிங்க் (ஃப்ரேம்களை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள், ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வரம்பு இருந்தால் கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுக்கும், நீங்கள் பார்க்கும் எண்ணில் உண்மை இருக்காது.

அப்புறம் வழக்கமாக விளையாடுவதுபோல் கால் மணி நேரம் விளையாடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு என்று இருக்கும். விளையாடும் திரையிலேயே எண்கள் தெரிய வேண்டுமென்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், எந்த நிறுவனத்தின் கார்டுக்கும் வேலை செய்யும்.

கார்டு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால், அதுதான் முழு மூச்சில் உழைக்கிறது. மாற்றினால் பலன் தெரியும். 50, 60 விழுக்காட்டில் ஊசலாடுகிறது, ஆனாலும் படம் திக்குகிறது என்றால் தடை வேறு இடத்தில், பெரும்பாலும் பிராசசரில் (கணினியின் மூளையான சிபியு). செம்பனைக் குலை வெட்டுகிறவர் ஒருவர்தான் என்றால், ஏற்ற வந்த லோரியைப் பெரிதாக்கி என்ன பயன்?

இங்கே ஒரு குழப்பம் வரும். "சிபியு 40 விழுக்காடுதானே காட்டுது, அதுவும் சும்மாதானே இருக்கு?" அந்த 40 பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்த சராசரி. விளையாட்டு ஒரே ஒரு கோரைப் பிழிந்துகொண்டிருந்தாலும் மற்றவை சும்மா இருப்பதால் மொத்த எண் குறைவாகத்தான் தெரியும். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரை அதிகம் நம்பி ஓடுகிறவை. அவற்றுக்காக மட்டும் விலை உயர்ந்த கார்டு தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னும் சந்தேகமா? தெளிவுத்திறனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். அப்படியும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால் கார்டின் மீது குற்றமில்லை.

கடைசியாக டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் மெமரியை (கார்டின் சொந்த நினைவகம்) பாருங்கள். 4 ஜிபி கார்டில் அது முழுக்க நிரம்பி, திரும்பும்போதெல்லாம் படம் வெட்டினால் டெக்ஸ்சர் (விளையாட்டில் பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்குங்கள். பல நேரம் அதுவே போதும்.

படி 3: காசில்லா வைத்தியம்

மானிட்டர் கேபிள் கார்டின் துளையில் செருகியிருக்கிறதா, மதர்போர்டின் (முதன்மைப் பலகை) துளையிலா? சிரிக்காதீர்கள், இது நிறைய வீடுகளில் நடக்கிறது. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை திரை புதுப்பிக்கும்) மானிட்டரை வாங்கிவிட்டு விண்டோஸில் 60லேயே விட்டிருப்பதும் உண்டு. ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று போட்டுப் பாருங்கள். பிராசசர் தடையாக இருக்கும் விளையாட்டுகளில் நல்ல மாற்றம் தெரியும்.

தோட்டத்து மண்சாலை ஓரம் வீடு என்றால் சிவப்புத் தூசி காற்றாடிகளில் அப்பிக் கிடக்கும். சூடு கூடினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். பிறகு படி 2ஐ இன்னொரு முறை செய்யுங்கள்.

படி 4: பெட்டியும் பவர் சப்ளையும்

நம் பக்கம் நிறைய பேர் வைத்திருப்பது அலுவலகத்திலிருந்து கழிந்து வந்த டெல், எச்பி கணினி. அவற்றில் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், கார்டுக்கான தனி மின்கம்பியும் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டுத் துளை வழியாக மட்டும் 75 வாட் வரை கிடைக்கும். ஆகவே 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகைபோல, தனிக் கம்பி கேட்காத கார்டுகள்தான் அங்கே பொருந்தும். ஒல்லியான பெட்டி என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) வகையா என்றும் பாருங்கள். அளவுகோலை உள்ளே வைத்து நீளத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

சாதாரண பெட்டி என்றால் வாய்ப்பு கூடும். 132 வாட்டில் ஓடும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் 8 ஜிபி, பெரிய பவர் சப்ளை கேட்காதவை. பழைய பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் துளையின் பழைய தலைமுறை) பலகையிலும் இவற்றுக்கு இழப்பு குறைவு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தரவுத் தடங்களில் மட்டும் ஓடுவதால் பழைய பலகையில் நன்றாக அடி வாங்கும், அது வேண்டாம். இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது என்று ஆசைப்படுவீர்கள். ஆனால் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே சமயத்தில் அணுக விடும்) வசதி இல்லாத பழைய கணினியில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பெயர் தெரியாத, எடை குறைந்த பவர் சப்ளையில் நல்ல கார்டை மாட்டாதீர்கள். அதை மாற்றும் செலவும் கார்டின் விலையில் சேரும்.

படி 5: கணக்கு

விலைகள் மாதாமாதம் மாறும் என்பதால் உதாரணத்துக்கு எண்களை நானே வைக்கிறேன். புதிய கார்டு 1,000 வெள்ளி (ரிங்கிட்), பவர் சப்ளை 220, பழைய கார்டை விற்றால் 250 வரும். நிகரச் செலவு 970. இப்போது 45 ஃப்ரேம், புதியதில் 90 என்று வைத்துக்கொள்வோம். கூடுவது 45, அதாவது ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 21 வெள்ளி 50 சென்.

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால்? கண்ணுக்குத் தெரியப்போவது 45இலிருந்து 60 வரை மட்டுமே. 15 ஃப்ரேமுக்கு 970 வெள்ளி, ஒன்றுக்கு 65 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சமுள்ள சக்தியைப் படத்தரத்தைக் கூட்டப் பயன்படுத்தலாம்தான். அந்த அழகுக்கு அவ்வளவு கொடுப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

அந்த 90 எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். விமர்சகர்கள் ஆக வேகமான பிராசசரில் சோதிப்பார்கள். உங்களுடைய பிராசசரோடு அதே கார்டை ஓட்டிய வீடியோவைத் தேடிப் பிடித்து அந்த எண்ணைப் போடுங்கள். என் அளவுகோல்: பாதிக்குப் பாதியாவது கூடவில்லை என்றால் வாங்க மாட்டேன். 10, 20 விழுக்காடு எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மின் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 75 வாட்டிலிருந்து 132க்குப் போய், தினமும் நாலு மணி நேரம் விளையாடினாலும் மாதம் ஏழு யூனிட்கூட ஆகாது. யூனிட்டுக்கு 50 சென் என்றாலும் மூன்றரை வெள்ளிக்குள்.

ஐ5 6500 மாதிரிப் பழைய பிராசசர் என்றால் இன்னொரு கேள்வி உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அந்தச் சில்லு விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அதில் ஆயிரம் வெள்ளியைப் போடுவதைவிட, அதை எடுத்து வைத்து வேறு கணினிக்குச் சேர்ப்பது மேல்.

படி 6: கைமாறிய கார்டு வாங்கும்போது

ஃபேஸ்புக்கிலோ கரோசெலிலோ மலிவாகக் கிடைக்கும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு அதிகம் கொடுக்காதீர்கள். விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆர்எக்ஸ் 580 என்று போட்டிருந்தால் முழுப் பெயரையும் படியுங்கள். 2048எஸ்பி என்ற வால் இருந்தால் அது குறைக்கப்பட்ட வகை. உண்மையான 580இல் 2304 ஷேடர்கள் (படம் வரையும் சிறு அலகுகள்) இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடை என்றால் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் விலையோடு கூட்டுங்கள்.

ஈப்போவில் போய் வாங்கினாலும், விற்பவர் வீட்டுக்கே போனாலும் ஜிபியு-இசட் மென்பொருளை யுஎஸ்பியில் கொண்டுபோங்கள். ஷேடர் எண்ணிக்கையைக் காட்டும், பெயர் மாற்றிய பல போலிக் கார்டுகளையும் கண்டுபிடித்துச் சொல்லும். அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டு, காற்றாடிச் சத்தம், சூடு, திரையில் புள்ளி தெறிக்கிறதா என்று பாருங்கள். "இப்பவே எடுத்தா குறைச்சுத் தரேன், டெஸ்ட் எல்லாம் வேணாம்" என்று அவசரப்படுத்தினால், "சரி அண்ணே, அப்புறம் பார்க்கலாம்" என்று கிளம்பிவிடுங்கள்.